கணினிக்குள் உண்மையான தற்செயல்: இரைச்சல் எங்கே பிறக்கிறது, எப்படிச் சாகிறது

கேள்வி சுருக்கமாக இது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர், சமூக மன்றத் தீபாவளி ஒன்றுகூடலுக்காக, 600 சீட்டுகளில் இருந்து அதிர்ஷ்டசாலிகளைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி ஒன்றை ஈஎஸ்பி32 என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் செய்துகொண்டிருக்கிறார். "மென்பொருள் தரும் ரேண்டம் எண் போலி, வன்பொருளில் இருந்து எடுத்தால்தான் உண்மை என்கிறார்கள். வன்பொருளில் அது எங்கிருந்து வருகிறது? எதை நம்பலாம்? வெளிவரும் எண்களைச் சோதித்து உறுதிசெய்ய முடியுமா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் வழி அதில்தான் திறக்கிறது. வெளிவரும் எண்களை மட்டும் பார்த்து எதையும் உறுதிசெய்ய முடியாது. 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போகும் கவுண்ட்டர் ஒன்றை ஷா-256 ஹேஷுக்குள் (எதைக் கொடுத்தாலும் கலைந்தது போன்ற 256 பிட்டாக்கித் தரும் கணக்குக்குள்) செலுத்தி, வருவதைக் கோப்பில் சேமியுங்கள். அதை டைஹார்டர் என்ற சோதனை மென்பொருளில் ஓட்டுங்கள், பிராக்ட்ராண்டில் ஓட்டுங்கள், தேறிவிடும். ஆனால் அதில் தற்செயல் ஒரு பிட்கூட இல்லை. கவுண்ட்டர் எந்த எண்ணில் இருக்கிறது என்று தெரிந்த எவரும் அடுத்து வருவதை அப்படியே சொல்லிவிடுவார். சோதனை மென்பொருள் எண்களின் முகத்தைத்தான் பார்க்கிறது. நமக்கு வேண்டியதோ, அடுத்த எண்ணை வேறொருவர் கணிக்க முடியாது என்ற உறுதி.

ஆகவே எந்த வன்பொருளைப் பற்றியும் கேட்க வேண்டியது இதுதான்: ஹேஷ் போன்ற மெருகுகளுக்குள் போவதற்கு முன்பு, பச்சையாக வரும் பிட்டுகளை என்னால் பார்க்க முடியுமா? தற்செயலைத் தரும் மின்சுற்றின் இரைச்சல் செத்துப்போனால் எனக்குத் தெரியவருமா? இதற்குப் பதில் இல்லாத கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், மேலே சொன்ன கவுண்ட்டருக்கும் அதற்கும் வெளியில் இருந்து வித்தியாசம் காண வழியில்லை.

மென்பொருள் எண்கள் போலி என்பது பாதிதான் சரி. சாச்சா20, ஏஇஎஸ் போன்ற மறையாக்க முறைகளின் மேல் கட்டிய எண் ஆக்கிக்கு 256 பிட் நல்ல விதை, அதாவது தொடக்க எண், ஒருமுறை கிடைத்தால் போதும். அதற்குப் பிறகு அது தரும் கோடிக்கணக்கான பிட்டுகளையும் யாராலும் கணிக்க முடியாது. பழுது வருவது விதையில். டோட்டோ லாட்டரியில் 49 எண்களில் 6ஐத் தேர்ந்தெடுக்க 13,983,816 வழிகள் இருக்கின்றன. 16 பிட் விதையில் தொடங்கும் நிரலால் 65,536 வேறு வேறு தொடக்கங்களுக்கு மேல் தர முடியாது. மீதி எண் சேர்க்கைகள், அதாவது 200இல் 199 பங்குக்கும் மேல், முதல் குலுக்கில் ஒருநாளும் வராது. வந்த எண்களைப் பார்த்தால் மட்டும் இது தெரியாது.

நிஜத்தில் நடந்தவையும் இதே கதைதான். டெபியன் லினக்ஸில் 2006இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் மூலநிரலில் செய்த சிறு மாற்றத்தால், விதையில் மிஞ்சியது அந்த நிரல் ஓடும் செயல்முறை எண் மட்டுமே. ஒவ்வொரு வகைச் சாவிக்கும் 32,768 வாய்ப்புகள்தாம். 2008 மே மாதம் வரை அது வெளியே தெரியவில்லை. 2012இல் ஹெனிங்கர், டுருமெரிக், வுஸ்ட்ரோ, ஹால்டர்மேன் ஆகிய நால்வரும் இணையம் முழுவதையும் அலசியபோது, பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் முறையில் இயங்கும் சேவையகங்களில் 0.5 விழுக்காட்டின் ஆர்எஸ்ஏ ரகசியச் சாவிகளைக் கணக்குப் போட்டே எடுக்க முடிந்தது. அவற்றில் பெரும்பாலானவை ரூட்டர், ஃபயர்வால் போன்ற பெட்டிகள். பெட்டியில் இருந்து எடுத்து முதன்முதலாக மின்சாரம் கொடுத்த சில நொடிகளிலேயே, தற்செயல் ஏதும் சேருவதற்கு முன்னால், அவை சாவியை உருவாக்கிவிட்டன. ஆர்எஸ்ஏ சாவி இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல். ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளுக்கு அவற்றில் ஒன்று பொதுவாகக் கிடைத்தது. இரண்டு சாவிகளின் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டால் இரண்டும் உடைந்துவிடும்.

இனி இரைச்சலுக்கு வருவோம். மின்சுற்றுகளில் தற்செயல் பிறக்கும் இடங்கள் சிலவே.

மிக எளியது வெப்ப இரைச்சல். எந்த மின்தடையிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் சும்மா இருப்பதில்லை. 1 மெகாஓம் மின்தடையின் இரு முனைகளில், அறை வெப்பநிலையில், 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அளந்தால் ஏறத்தாழ 13 மைக்ரோவோல்ட் ஆட்டம் இருக்கும். இது இயற்பியல் விதி. எவராலும் நிறுத்த முடியாது. ஆனால் 13 மைக்ரோவோல்ட்டைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கும்போது பக்கத்தில் ஓடும் யூஎஸ்பி சார்ஜரின் சத்தமும், சுவர் வயரின் 50 ஹெர்ட்ஸ் முனகலும் சேர்ந்தே பெருகும்.

அடுத்தது அவலாஞ்ச் இரைச்சல். டையோடு ஒன்றைத் தலைகீழாக, அதன் உடையும் வோல்ட்டேஜுக்கு மேல் தள்ளினால், ஓர் எலக்ட்ரான் பலவற்றை இடித்து விடுவிக்க, மின்னோட்டம் திடீர் திடீரென்று பொங்கும். இது வெப்ப இரைச்சலைவிடப் பல மடங்கு வலுவானது. அதனால் வீட்டில் செய்பவர்களுக்கு ஏற்றது. இதைச் செய்யும் முறையைப் பிறகு சொல்கிறேன்.

சிப்களுக்குள் அதிகம் காணப்படுவது வளைய ஆஸிலேட்டர். ஒற்றைப்படை எண்ணிக்கையில் இன்வர்ட்டர்களை (0ஐ 1ஆகவும் 1ஐ 0ஆகவும் புரட்டும் சுற்றுகளை) வளையமாகக் கோத்தால் அது ஓயாமல் 0, 1 என்று ஆடும். ஒவ்வொரு ஆட்டமும் வெப்பத்தால் துளி முன்னேயோ பின்னேயோ முடியும். அந்தத் தள்ளாட்டம் சேர்ந்துகொண்டே போகும். மெதுவான வேறொரு கடிகாரம் எப்போதாவது எட்டிப் பார்த்து அந்த நொடியில் வளையம் 0இலா 1இலா என்று குறித்துக்கொள்கிறது. இதில் பலர் தவறுவது வேகத்தில். தள்ளாட்டம் நேரத்தின் வர்க்கமூல அளவில்தான் வளரும். இரு மடங்கு தள்ளாட்டம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மாதிரி எடுத்தால், ஒரு பிட்டில் இருந்து அடுத்ததை ஊகிக்க முடிகிற பிட்டுகள்தாம் வரும். பார்வைக்கு அவை கலைந்தே தெரியும்.

வளையத்துக்கு இன்னொரு பலவீனம் உண்டு. கேம்பிரிட்ஜில் மார்க்கெட்டோஸ், மூர் இருவரும் 2009இல் காட்டினார்கள்: மின்வழங்கலில் சரியான அதிர்வெண் ஒன்றைக் கலந்தால் வளையங்கள் அந்தத் தாளத்துக்குப் பூட்டிக்கொள்கின்றன. தள்ளாட்டம் அடங்கிவிடுகிறது. பாதுகாப்பு மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றில் 64 பிட்டாக இருக்க வேண்டிய சாவி வாய்ப்புகள் வெறும் 3,300 ஆகச் சுருங்கின. 2004ஆம் ஆண்டின் கட்டண அட்டை ஒன்றின் சிப்பும் இப்படியே விழுந்தது. மலிவான மின்வழங்கல் தற்செயலாகவே இதைச் செய்யக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாக்குபவர் ஒருவர் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

இன்டெல் வேறு வழியில் போனது. இரண்டு இன்வர்ட்டர்களை ஒன்றையொன்று பார்க்கும்படி இணைத்து, இரண்டையும் வேண்டுமென்றே சமநிலைக்குத் தள்ளிவிட்டுக் கையை எடுப்பது. சமமான தட்டுகளுள்ள தராசை விட்டால் எந்தப் பக்கம் சாயும்? எலக்ட்ரான்களின் வெப்ப ஆட்டம் தீர்மானிக்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி சிப்பில் அச்சாவதில்லை என்பதால், சாய்வு ஒரே பக்கமாகப் போகாதபடி பின்னூட்டச் சுற்று ஒன்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருத்துகிறது. அதனாலேயே பச்சை பிட்டுகளுக்குள் சிறு தொடர்பு இருக்கும். அதைக் கழுவத்தான் அடுத்த கட்டங்கள். நொடிக்கு ஏறத்தாழ 3 கிகாபிட் பச்சை பிட்டுகள் உடல்நலச் சோதனை வழியாகப் போகின்றன. 256 பிட் துண்டுகள் இரண்டை ஏஇஎஸ் மூலம் பிசைந்து ஒன்றாக்குகிறார்கள். அது ஓர் எண் ஆக்கிக்கு விதையாகிறது. ஆர்டிரேண்ட் என்ற புராசஸர் கட்டளை அந்த ஆக்கியின் வெளியீட்டைத் தருகிறது. 2012இல் ஐவி பிரிட்ஜ் புராசஸர்களோடு வந்தது. சில ஆண்டுகள் கழித்துப் பிராட்வெல் புராசஸர்களில் வந்த ஆர்டிசீட் கட்டளை, விதைக்குப் பக்கத்தில் இருந்தே எடுத்துத் தருகிறது. வேறொரு எண் ஆக்கிக்கு விதை போட ஆர்டிசீட். நேரடியாக எண் வேண்டுமென்றால் ஆர்டிரேண்ட்.

குவாண்டம் கருவிகளில் தற்செயலின் காரணம் இன்னும் சுத்தமானது: ஓர் ஒளித்துகள் பாதி ஒளிவிடும் கண்ணாடியில் படும்போது எந்த வழியில் போகும் என்பதற்கு உள்ளே மறைந்த காரணம் எதுவும் இல்லை. ஆனால் கண்டறியும் கருவி பழையதாகி ஒரு பக்கம் மங்கினால் அதுவும் சாயும். கருவியையே நம்பாமல் தற்செயலை நிரூபிக்கும் வழியும் உண்டு. பின்னிப்பிணைந்த ஒளித்துகள் இணைகளை, மறைந்த காரணம் இருந்தால் மீற முடியாத பெல் சமனின்மை என்ற வரம்பை வைத்துச் சோதித்தால், அது மீறப்படும் அளவே எவ்வளவு தற்செயல் உறுதி என்று சொல்லிவிடும். நம் கென்ட் ரிட்ஜில், தேசியப் பல்கலைக்கழகத்தின் குவாண்டம் தொழில்நுட்ப நிலையத்தைச் சேர்ந்த குர்ட்சீஃபர், ஸ்கரானி குழுவினர் 2018இல் வெளியிட்ட சோதனையில் நொடிக்கு ஏறத்தாழ 240 பிட் கிடைத்தது. அதற்கு மீக்கடத்தி டிடெக்டர்கள் தேவைப்பட்டன. இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. வெளியீட்டை மட்டும் பார்த்து எதையும் உறுதிசெய்ய முடியாது என்று மேலே சொன்னதற்கு இயற்கையே கொடுத்த ஒரே விதிவிலக்கு. உங்கள் பெட்டிக்கு அது வேண்டாம்.

சாதாரண கணினியில் என்ன செய்வது? புராசஸர் கட்டளையை நேரே அழைக்காதீர்கள், இயக்குதளத்திடம் கேளுங்கள். காரணம், புராசஸர்களும் பொய் சொல்லியிருக்கின்றன. ஆர்டிரேண்ட் வெற்றியா தோல்வியா என்பதைக் கேரி ஃபிளாக் என்ற புராசஸரின் குறிப்பு பிட் சொல்ல வேண்டும். தோற்றால் 10 முறை வரை திரும்பக் கேட்கும்படி இன்டெல்லின் வழிகாட்டி சொல்கிறது. 2019இல் ஏஎம்டியின் ரைசன் 3000 வரிசை வந்த புதிதில், அந்த ஃபிளாக் "வெற்றி" என்றது, கையில் கிடைத்ததோ எல்லா பிட்டும் 1. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி தனித்த அடையாள எண் தேடித் தேடி, கணினி எழும்பவே முடியாமல் நின்றது. பயோஸ் புதுப்பிப்பு வந்துதான் சரியானது. 2025இல் ஏஎம்டியின் ஜென் 5 சிப்களில், ஆர்டிசீட்டின் 16, 32 பிட் வடிவங்கள் இயல்பைவிட அதிகமாக 0ஐக் கொடுத்துவிட்டு வெற்றி என்றன. 64 பிட் வடிவத்தில் அந்தப் பழுது இல்லை. இந்தக் கட்டளைகளின் பதிலை மட்டும் நம்பி எழுதிய நிரல்களுக்கு இவை பேரிடி. இயக்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அப்படியல்ல; அது புராசஸர் தருவதை விசைப்பலகை, வட்டு, நெட்வொர்க் குறுக்கீடுகளின் நேரத் துணுக்குகளோடு சேர்த்து ஹேஷ் செய்கிறது. ஒன்று செத்தாலும் மற்றவை காக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூலங்களைக் கலந்தால் கெட்டது நல்லதைக் கெடுக்காது.

லினக்ஸில் 3.17 பதிப்பு முதல் இருக்கும் கெட்ரேண்டம் அழைப்பே போதும். கெர்னல் தயாராகும் வரை அது காத்திருக்கும், பிறகு ஒருபோதும் நிற்காது. பழைய டெவ் ரேண்டம் கோப்பு "தீர்ந்துபோய்" நிற்கும் பழக்கம் 5.6இல் ஒழிந்தது. இன்னும் பலர், கையிருப்புத் தற்செயலைக் காட்டும் என்ட்ரோபி அவெயில் என்ற எண் குறைந்துவிட்டது என்று ஹேவ்ஜ்ட் என்ற துணை நிரலை நிறுவச் சொல்கிறார்கள். புதிய கெர்னல்களில் அந்த எண் தயாரானபின் 256இலேயே நிற்கும், தேவையில்லை. விண்டோஸில் பிசிரிப்ட்ஜென்ரேண்டம், பைத்தானில் ரேண்டம் நூலகம் வேண்டாம், சீக்ரெட்ஸ் நூலகம்.

உண்மையான ஆபத்து நகல் எடுப்பதில் இருக்கிறது. ராஸ்பெரி பை சிறுகணினி ஒன்றை முழுமையாகத் தயார்செய்து அதன் எஸ்டி அட்டையை 20 பிரதி எடுத்தால், சேமித்த விதைக் கோப்பும் தொலை இணைப்புக்கான எஸ்எஸ்எச் சாவிகளும் 20இலும் ஒன்றே. மெய்நிகர் கணினிகளின் ஸ்னாப்ஷாட்டும் (ஒரு நொடியின் நிலையை அப்படியே சேமித்த பிரதியும்) அப்படித்தான்: ஒரே ஸ்னாப்ஷாட்டில் இருந்து எழுந்த இரண்டு கணினிகள் சற்று நேரம் ஒரே எண்களைப் பேசும். பிரதி எடுப்பதற்கு முன் விதைக் கோப்பையும் எஸ்எஸ்எச் சாவிகளையும் இயந்திர அடையாளக் கோப்பையும் அழியுங்கள். மெய்நிகர் கணினிக்கு, தாங்கும் கணினியின் தற்செயலை உள்ளே கொண்டுவரும் விர்ட்டியோ ஆர்என்ஜியை இணையுங்கள்.

இப்போது உங்கள் ஈஎஸ்பி32. இதில் ஒரு பொறி இருக்கிறது, நல்ல எண்ணம் உள்ளவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். அந்தச் சிப்பின் எண் ஆக்கிக்கு இரைச்சல் வருவது வைஃபை அல்லது புளூடூத் ரேடியோவில் இருந்து. குலுக்கில் யாரும் வெளியில் இருந்து நுழைந்துவிடக் கூடாது என்று வைஃபையை அணைத்து வைக்கிறோம் அல்லவா? அந்த நொடியே இரைச்சல் நின்றுவிடுகிறது. எண்கள் தொடர்ந்து வரும், அழகாகவும் இருக்கும். ஆனால் அவை உண்மையான தற்செயல் என்று தயாரிப்பாளரே உறுதி தருவதில்லை. ரேடியோ வேண்டாமென்றால் பூட்லோடர் ரேண்டம் எனேபிள் என்ற அழைப்பால் உள்ளிருக்கும் ஏடிசியின் (வோல்ட்டேஜை எண்ணாக்கும் பகுதியின்) இரைச்சலைத் திறந்துவிட வேண்டும். அது திறந்திருக்கும்போது ஏடிசி, ஐ2எஸ், வைஃபை, புளூடூத் எதையும் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் மூட வேண்டும். ஆகவே வரிசை இதுதான்: பெட்டி எழுந்தவுடன் திற, 32 பிட்டாக 16 முறை எடு, அவற்றை ஷா-256இல் போட்டு 256 பிட் விதை செய், மூடு, பிறகு மற்ற வேலைகள்.

இரண்டாவது பொறி ஆர்டுயினோ பழக்கம். ரேண்டம்சீட் என்று எழுதி, அதற்குள் காற்றில் தொங்கும் 0ஆம் பின்னின் அனலாக் அளவைக் கொடுக்கும் வரியை எல்லாரும் பழைய ஊனோ போர்டு நிரலில் இருந்து வெட்டி ஒட்டுகிறார்கள். ஈஎஸ்பி32இன் ஆர்டுயினோ நூலகம் இயல்பாக வன்பொருள் எண்ணையே தருகிறது. நீங்கள் ரேண்டம்சீட்டை அழைத்த அடுத்த நொடி, அண்மைய பதிப்புகளில், அது மென்பொருள் எண்ணுக்கு மாறிவிடும். 12 பிட் ஏடிசி என்றால் அதிகபட்சம் 4,096 தொடக்கங்கள். தொங்கும் பின் உண்மையில் தருவது அதைவிடக் குறைவு, பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து எண்களும் 50 ஹெர்ட்ஸ் முனகலும்தான். நல்லதைக் கெட்டதாக்கும் வரி அது. எடுத்துவிடுங்கள்.

ராஸ்பெரி பை பிகோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அதன் ஆர்பி2040 சிப்பின் வளைய ஆஸிலேட்டரில் ஒரு தற்செயல் பிட் பதிவேடு உண்டு, பாதுகாப்பு வேலைக்கு அது போதாது என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. பிகோ 2இன் ஆர்பி2350 சிப்பில் தனி எண் ஆக்கி இருக்கிறது.

சொந்தமாகவே இரைச்சல் சுற்று கட்ட ஆசை என்றால், அது நல்ல ஆசை. பச்சை பிட்டுகளைக் கண்ணால் பார்க்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. சிம் லிம் டவர் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் பொருள்களே போதும். 2என்3904 டிரான்சிஸ்டர் ஒன்று, அதன் எமிட்டர்-பேஸ் சந்திதான் நமக்கு டையோடு. கலெக்டரை வெட்டிவிடுங்கள் அல்லது தொடாமல் விடுங்கள். பேஸ் தரைக்கு. எமிட்டர், 100 கிலோஓம் வழியாக 12 வோல்ட்டுக்கு. டேட்டாஷீட்டில் எமிட்டர்-பேஸ் 6 வோல்ட் என்று போட்டிருப்பது குறைந்தபட்ச உத்தரவாதம். நடைமுறையில் அது பெரும்பாலும் 7 முதல் 9 வோல்ட்டுக்குள் எங்கேயாவது உடையும். அப்போது 40 மைக்ரோஆம்பியர் அளவில் ஓடும், எமிட்டரில் இரைச்சல் ஏறி இறங்கும். 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக அதை எடுத்து, ஆப் ஆம்ப் என்ற பெருக்கி ஒன்றால் பெருக்கி, இரு வோல்ட்டேஜ்களை ஒப்பிட்டு 0 அல்லது 1 தரும் எல்எம்393 போன்ற கம்பரேட்டருக்குக் கொடுங்கள். கம்பரேட்டரின் மறு காலுக்கு நிலையான வோல்ட்டேஜ் வைக்காதீர்கள்; அதே இரைச்சலைப் பெரிய மின்தடை, பெரிய கெப்பாசிட்டர் வழியாகச் சராசரியாக்கி அதையே கொடுங்கள். குளிர்சாதன அறையில் சரிசெய்த சுற்று மேடை விளக்குச் சூட்டில் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க இதுதான் வழி. எல்எம்393இன் வெளியீட்டில் 10 கிலோஓம் இழுப்பு மின்தடை வைக்க மறக்காதீர்கள், அதை 3.3 வோல்ட்டுக்கு இழுங்கள். 12க்கு இழுத்தால் போர்டு போய்விடும்.

எங்கே கெடும் என்பதுதான் இதில் பாடம். 5 வோல்ட் யூஎஸ்பியில் அவலாஞ்ச் நடக்காது. 9 வோல்ட் பேட்டரியில் தொடக்கத்தில் நடக்கலாம், பேட்டரி 7.5க்கு இறங்கியதும் டிரான்சிஸ்டர் சத்தமில்லாமல் நின்றுவிடலாம். ஆனால் கம்பரேட்டரின் வெளியீடு நிற்காது! பெருக்கி அப்போது அறையின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் சார்ஜரின் சுவிட்சிங் சத்தத்தையும் பெருக்கிக்கொண்டிருக்கும். 0, 1 மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். ஹேஷ் போட்டால் எல்லாச் சோதனையிலும் தேறும். பச்சை பிட்டுகளைப் பார்த்தால்தான் பிடிபடும்: நொடிக்கு 1,000 மாதிரி எடுத்தால், 50 ஹெர்ட்ஸ் அலை 20 மாதிரிக்கு ஒருமுறை திரும்பும். ஒவ்வொரு பிட்டையும் 20 இடம் தள்ளிய பிட்டோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போவது பாதியளவைவிடத் தெளிவாக அதிகம் என்றால் நீங்கள் சேகரிப்பது சுவர் மின்சாரத்தை. சுற்றை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தரையோடு இணைத்தால் பெரும்பகுதி போகும்.

இரைச்சல் உயிரோடு இருக்கும்போதும் 0க்கும் 1க்கும் சரிபாதி கிடைக்காது. வான் நாய்மன் முறை பழையது, அழகானது: பிட்டுகளை இரண்டிரண்டாக எடு, 01 என்றால் 0, 10 என்றால் 1, 00, 11 இரண்டையும் எறி. சிறந்த நிலையிலும் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆனால் அது சாய்வை மட்டும் சரிசெய்யும், தொடர்பைச் சரிசெய்யாது. அடுத்தடுத்த பிட்டுகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் அதன் உறுதி போய்விடும். அதனால் நான் நேரே கணக்குப் போட்டு ஹேஷ் செய்வதையே பரிந்துரைப்பேன்.

கணக்கு எப்படி? என்ட்ரோபி என்பது ஒரு பிட்டில் இருக்கும் தற்செயலின் அளவு. சராசரி என்ட்ரோபியை விட்டுவிட்டு, குறைந்தபட்ச என்ட்ரோபியைப் பாருங்கள். அது எதிராளியின் மிகச் சிறந்த ஊகம் பலிக்கும் வாய்ப்பை வைத்துக் கணக்கிடுவது. 1 வரும் வாய்ப்பு 0.6 என்றால் சராசரிக் கணக்கு ஒரு பிட்டுக்கு 0.97 என்று பெருமையாகச் சொல்லும், குறைந்தபட்சம் 0.74தான். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டியின் 800-90பி ஆவணம் இதற்குத்தான்: 10 லட்சம், அதாவது 1 மில்லியன் பச்சை மாதிரிகளைத் தொடர்ச்சியாக எடுத்து அவர்களது இலவசக் கருவியில் ஓட்டலாம். அதோடு 1,000 முறை மின்சாரத்தை அணைத்து ஏற்றி, ஒவ்வொரு முறையும் முதல் 1,000 மாதிரிகளை எடுக்கச் சொல்கிறது. இந்த இரண்டாவது சோதனையைத் தவிர்க்காதீர்கள்; எழும்பும்போதெல்லாம் ஒரே மாதிரி தொடங்கும் சுற்றை இதுதான் காட்டிக்கொடுக்கும். ஒரு சின்ன ரிலேயும் டைமரும் இருந்தால் இரவோடு இரவாக முடிந்துவிடும். முடிவு 0.8 என்று வந்தாலும் கணக்கில் 0.5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 256 பிட் விதைக்கு 64 பிட் கூடுதலாக, 320 பிட் என்ட்ரோபி உள்ளே போக வேண்டும், 0.5 வீதம் 640 பச்சை பிட்டுகள். நொடிக்கு 1,000 என்றால் ஒரு நொடிகூட ஆகாது.

பெட்டி ஓடும்போதே இரைச்சல் சாவதைப் பிடிக்க இரண்டு சிறு சோதனைகள் போதும். ஒரே பிட் தொடர்ந்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது ஒன்று. முழு 1 பிட் என்ட்ரோபி என்று நம்பினால் வரம்பு 21, 0.5 என்றால் 41. இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு: சரியான நாணயத்தையே நொடிக்கு 1,000 முறை சுண்டினாலும் 21 தொடர் சராசரியாக 35 நிமிடத்துக்கு ஒருமுறை வரத்தான் செய்யும். வரம்பை 21இல் வைத்துவிட்டு, விழா நடுவில் பெட்டி பழுது என்று மின்னினால் பயந்துபோய் சோதனையையே நீக்கிவிடுவார்கள். 41இல் வையுங்கள். மற்றது, 1,024 பிட் ஜன்னலில் முதல் பிட் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணி, அளவுக்கு மீறினால் நிறுத்துவது. 50 ஹெர்ட்ஸ் முனகலை இந்த இரண்டுமே பிடிக்காது. அது பாதிப் பாதியாக, குறுகிய தொடர்களாகவே வரும். அதனால் மேலே சொன்ன 20 இடம் தள்ளிய ஒப்பீட்டை நீங்களே மூன்றாவதாகச் சேருங்கள். சோதனைகள் எப்போதும் ஹேஷுக்கு முன்னால். பின்னால் வைத்தால் வைக்காததும் ஒன்றுதான். சோதனை தோற்றால் பெட்டி எண் தரக் கூடாது. பழைய விதையில் தொடர்வதும் கூடாது.

விதை நன்றாக இருந்தும் கடைசி வரியில் கெடுப்பவர்கள் உண்டு. 16 பிட் எண் ஒன்றை 600ஆல் வகுத்து மீதியை எடுத்தால், 65,536இல் 600 என்பது 109 முறை போய் 136 மிஞ்சும். முதல் 136 சீட்டுகளுக்கு 110 வாய்ப்பு, மற்றவர்களுக்கு 109. முதலில் வந்து சீட்டு வாங்கியவர்களுக்குச் சலுகை. 65,400க்கும் அதற்கு மேலும் வரும் எண்களை எறிந்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள், சரியாகிவிடும். பத்துப் பரிசு என்றால், எடுத்த சீட்டைப் பட்டியலின் கடைசிச் சீட்டோடு இடம் மாற்றி, அடுத்த முறை 599இல் இருந்து எடுங்கள். 599க்கு எறியும் எல்லையை மறுபடி கணக்கிட வேண்டும்.

கடைசியாக, கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவலாஞ்ச் தெரியாது. பெட்டிக்குள் நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்றும் தெரியாது. அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி, அதற்கும் பொறியியல் விடை இருக்கிறது. சீட்டு விற்பனை முடிந்ததும் பட்டியலைப் பூட்டுங்கள். பெட்டி தன் 256 பிட் விதையை உருவாக்கி, அதன் ஷா-256 ஹேஷை மட்டும் திரையில் காட்டட்டும். எல்லாரும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளட்டும். பிறகு கூட்டத்தில் இருந்து ஐந்து பேரை மேடைக்கு அழைத்து, ஆளுக்கு நான்கு முறை பகடை உருட்டச் சொல்லுங்கள். 20 உருட்டலில் ஏறத்தாழ 52 பிட். விதையையும் அந்த 20 எண்களையும் வரிசையாகச் சேர்த்து ஹேஷ் செய்து, அதில் இருந்து சீட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். முடிவு அறிவித்தவுடன் விதையையும் திரையில் போடுங்கள். விதையின் ஹேஷ் முன்பு எடுத்த படத்தோடு பொருந்துகிறதா, விதையும் பகடையும் சேர்ந்தால் அதே சீட்டுகள் வருகின்றனவா என்று வீட்டுக்குப் போய் யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பகடை உருளும் முன்பே விதை பூட்டப்பட்டதால் ஏற்பாட்டாளர் மாற்ற முடியாது. விதை தெரியாததால் பகடை உருட்டுபவரும் குறிவைக்க முடியாது.